பூஜ்ஜியம் ரூபாய் பயணப்படி

ஜனவரி 20, திங்கள்

இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டிலிருந்து பாதிச் சம்பளம் இன்று பேங்கில் விழுந்தது. நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியை மூடியதற்கு மூன்று மாதத்துக்கு இப்படித் தருவார்கள். அதற்குள் எனக்கு வேலை கிடைத்தாக வேண்டும். வீட்டுக்காரர் வேலன் வெல்டிங் பட்டறையில் சம்பாதிப்பது வாடகைக்கும் மகள் கனிஷ்காவின் காலேஜுக்குமே சரியாகப் போகிறது.

யூனியன்காரர்கள் பேசி இன்னொன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனால் பஸ் செலவைப் பழைய கம்பெனியே கொடுத்துவிடும். பஸ் டிக்கெட்டும் முகாமில் சீல் வைத்த சீட்டும் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை ஒரு முகாம். இத்தனை வருஷம் லோடு அனுப்புகிற டெஸ்பாட்ச் வேலை பார்த்தவளிடம் என்ன கேட்பார்கள்?

ஜனவரி 25, சனி

முகாம் நடந்த காலேஜ் வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்ததும், பெற்றோருக்குத் தனியாகப் பந்தல் போட்டிருக்கிறது என்று கை காட்டியது. போனேன். நாற்காலி, மோர், ஃபேன். மோரைக் குடித்துவிட்டு வரிசைக்குத் திரும்பி வந்தேன்.

ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று ஒரு கம்பெனியில் கேட்டார்கள். வாடகை ஏற்றாவிட்டால் இதே கணபதி ஏரியாவில்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ஒரு பேனருக்குப் பின்னால் யாரோ ஒளிகிற மாதிரி இருந்தது. பேனருக்குக் கீழே பளபளவென்று ஷூ. அந்த ஷூ எனக்குத் தெரியும். எங்கள் மேனேஜர் கிருபாசங்கர் சார்! லீவு கேட்டு அவர் மேஜை முன்னால் எத்தனை தடவை தலை குனிந்து நின்றிருப்பேன்.

சார் இன்னும் வீட்டில் சொல்லவில்லையாம். தினமும் ஆபீஸ் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு காரில் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறார். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க, பொற்கொடி" என்றார். சரி என்றேன். அவருக்குச் சம்பளம் பெரிது, அதனால் இஎஸ்ஐ கிடையாது. எனக்கு வருவது சாருக்கு வரவில்லை என்பதை நினைத்து, பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது.

ஜனவரி 28

பஸ் செலவு கேட்கப் போனேன். கம்பெனியில் இன்னும் பூட்டாத ஒரே அறையில் கணக்கு சாமுவேல் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் கொடுத்த காசில்லாச் சீட்டைத்தான் நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செலவே ஆகலையேங்க அம்மணி."

அப்படியானால் விட்டுவிடுங்கள் அண்ணா என்றேன். விட முடியாதாம். முகாமுக்குப் போனதற்குக் கணக்கு வேண்டுமாம். 'பூஜ்ஜியம் ரூபாய் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கினார். கையெழுத்துக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், அதற்கு ஒரு ரூபாய் என்னிடமே வாங்கினார்.

வீட்டில் சொன்னதும் வேலன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 1

சாருக்கும் சிக்கல். பெட்ரோல் பில் செல்லாது, பஸ் டிக்கெட்தான் செல்லும். அதனால் இனி முகாம் நாளில் காரை எங்கள் தெருவில் விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வருகிறார். ஆனால் பஸ்ஸில் எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே பிடித்துக்கொள்வது என்று ஒன்றும் தெரியவில்லை. பிரேக் போட்டதும் ஒரு கீரைக் கூடையில் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 8

நானும் சாரும் இன்று ஒரே வேலைக்கு வரிசையில் நின்றோம். உங்களைப் பற்றிப் பழைய மேலதிகாரி யாரிடமாவது விசாரிக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். தாராளமாக விசாரியுங்கள் என்று பின்னால் திரும்பிக் காட்டினேன்.

சார் எழுந்து நின்று சொன்னார். லோடு ஒன்றுகூட ஊர் மாறிப் போனதில்லையாம், நான் லீவு போட்டால் ஆபீசே தடுமாறுமாம். இதை அங்கே வேலை பார்த்தபோது ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

என்னிடம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சாரின் தகுதிக்கு அவர்களிடம் வேலையே இல்லையாம்.

பிப்ரவரி 11

புதுசா கார் வாங்கினீர்களா என்று தெருவில் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்வதை விட்டுவிட்டு, டியூ இன்னும் பாக்கி இருக்கிறது என்கிறார் வேலன்.

பிப்ரவரி 14, வெள்ளி



மத்தியானம் ஒரு அம்மா கதவைத் தட்டினார். பட்டுப் புடவை, முகம் மட்டும் அழுத மாதிரி. பெயர் ரங்கநாயகி, கிருபாசங்கர் சாரின் வீட்டுக்காரம்மா. யாரோ சொந்தக்காரர் இந்தத் தெருவில் காரைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு பொம்பளை வீட்டு வாசலில் நிற்கிறது என்று.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரர் கார் இங்க எதுக்குங்க நிக்குது?"

நான் என்ன சொல்ல? சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துப்போட்டேன். சொல்லாட்டி என் மானம் போகும், அந்தம்மா குடும்பமும் போகும். பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வேலன் டிபன் பாக்ஸோடு அப்படியே நின்றுவிட்டார்.

கடைசியில், "நாளைக்குப் பல்லடத்துக்கு என்கூட வாங்க. நீங்களே பாத்துக்கலாம். அதுவரைக்கும் அவரைத் தப்பா நெனைக்காதீங்க" என்றேன்.

 அதன்பிறகுதான் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். காபியே போட்டுக் கொடுத்தேன்.

சாரை நேராகப் பல்லடம் வந்துவிடச் சொல்லி போன் செய்தேன். காரணம் சொல்லவில்லை. நான் செய்தது துரோகமா?

பிப்ரவரி 15, சனி

பல்லடம் கல்யாண மண்டபத்தில் முகாம். ரங்கநாயகி அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சார் வரிசையில் நின்றார். அந்த அம்மா வாசலிலேயே நின்று பார்த்தார். புரிந்துபோயிற்று.  மெதுவாக நடந்து சாரின் பக்கத்தில் போய் நின்றார்.

"காலைல இருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

சார் கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்து சர்டிபிகேட் எல்லாம் பறந்தது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம். சார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்பது போல இருந்தது.

அதற்குள் ஒரு கோழித்தீவனக் கம்பெனிக்காரர், வரிசையில் நிற்கிறாரே என்று ரங்கநாயகி அம்மாவிடமும் ஒரு ஃபார்மை நீட்டினார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். பேனா கேட்டார். பி.காம் படித்தவராம், கல்யாணத்துக்கு முன்னால் ஆடிட்டர் ஆபீசில் இருந்தாராம். சாருக்கே மறந்துபோயிருந்தது போல, வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

கணக்குப் பிரிவுக்கு அவரையும் டெஸ்பாட்சுக்கு என்னையும் மறு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சாருக்கு இங்கும் இல்லை.

சாரும் வீட்டுக்காரம்மாவும் காரில்தான் திரும்பினார்கள். ஓட்டியது அந்த அம்மா.

பிப்ரவரி 18

பல்லடம் போனது இலவச டவுன் பஸ் இல்லை, காசு கொடுத்துத்தான் போனேன். இந்த முறை பயணப்படியாக நிஜப் பணமே கிடைத்தது. சாமுவேல் அண்ணனுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

பிப்ரவரி 24

எனக்கும் ரங்கநாயகி அம்மாவுக்கும் வேலை ஆர்டர் வந்துவிட்டது.

மார்ச் 3, திங்கள்

முதல் நாள். குடோன் முழுக்கத் தவிட்டு வாசனை, தும்மித் தீரவில்லை. ரங்கநாயகி அம்மா மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி என்னை ரங்கநாயகி என்றே கூப்பிடுங்கள் என்கிறார். எனக்கு வாய் வரவில்லை.

பதினோரு மணிக்கு சார் போன் செய்தார். அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ இருக்கிறதாம். வீட்டம்மாவைக் கூப்பிட்டால் முதல் நாளே தொந்தரவாகுமே என்று என்னைக் கூப்பிட்டாராம். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"பொற்கொடி, துவரம்பருப்புக்கு எத்தனை விசில் விடோணுமுங்க?"

மூன்று போதும் சார் என்றேன்.

"ஆறு ஆயிப்போச்சுங்க" என்றார்.