டி.வி. மேல் வைத்த கை

அன்பு மாப்பிள்ளை சாமுவேல்,

சபை மலரில் உனக்கு நினைவஞ்சலி போடுகிறார்கள். படமும் நான்கு வரியும் போதும் என்று செயலாளர் சொல்லி அனுப்பினார். "அன்பும் பண்பும் நிறைந்த" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கோபத்தில் இருப்பவனால் நான்கு வரியில் முடிக்க முடியாது. அதனால் நேராக உனக்கே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு.

முதல் செய்தி, பிரஷர் பார்க்கிற அந்த மிஷின் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. உன் பழைய துண்டில் சுற்றி என் தங்கை கிரேஸ் கொண்டுவந்து கொடுத்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவள் இப்போது பட்டாபிராமில் வாடகைக்கு இருக்கிறாள். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. ரயில் போனால் அலமாரியில் பாத்திரங்கள் ஆடும். "சத்தம் இருந்தா நல்லதுதாண்ணே" என்கிறாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் உன் சத்தம் ஒன்றே பத்துப் பிள்ளைகளுக்குச் சமம். அவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

இரண்டாவது செய்தி, எனக்குக் குடலிறக்கம். கரையான்சாவடியிலிருந்து கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன். வகுப்பில் நின்று பாடம் எடுக்க முடியவில்லை. எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் என் மாணவன் ஒருவன் உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். அவன் என்னிடம் வந்து, "சார், நீங்க உக்காந்தே எடுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்கிறான். அன்பாகத்தான் சொன்னான் என்று எஸ்தர் வாதாடுகிறாள். என் மனைவிக்கு எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள்.

கோடை விடுமுறைக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும் என்று பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். பிரஷர் பார்த்ததும் தலையை ஆட்டினார். "சிலருக்கு ஆஸ்பத்திரி வாசல் மிதிச்சாலே ஏறும். வீட்டுல காலையில அமைதியா உக்காந்து பாத்து எழுதிட்டு வாங்க. அது சரியா இருந்தா தேதி குடுத்துடறேன். இல்லன்னா முதல்ல மாத்திரை, அப்புறம்தான் கத்தி."

அமைதியா உக்காந்து. யாரிடம் சொல்கிறார் பார்.

அன்று முதல் காலையில் எழுந்ததும் அதே வேலை. பட்டையைப் புஜத்தில் சுற்றுகிறேன், பட்டனை அழுத்துகிறேன், அது தானாகவே ஊதிக்கொண்டு கையை இறுக்குகிறது. அந்த இறுக்கத்தில் யாராவது ஒருவர் நினைவுக்கு வந்துவிடுகிறார். துறைத்தலைவன் வந்த அன்று நூற்று எழுபது. வீட்டுமனை விஷயத்தில் ஏமாற்றிய சித்தப்பா வந்த அன்று இன்னும் கொஞ்சம் மேலே. நீ வந்த அன்று எவ்வளவு என்று சொல்லமாட்டேன், பெருமைப்படுவாய். எஸ்தர் ஜெபம் செய்துவிட்டுப் பார்க்கச் சொன்னாள். ஜெபத்திலும் அவர்கள்தான் வருகிறார்கள்.

உன்மேல் என்ன கோபம் என்று கேட்பாய். இந்த மிஷின்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற என் பழைய மாணவன் எனக்கென்று கொண்டுவந்து கொடுத்தது. தொழிற்சாலையில் வருடாந்திர மெடிக்கல் பரிசோதனை வரப்போகிறது, ஒரு வாரம் வைத்திருந்து தருகிறேன் என்று வாங்கிப் போனாய். ஒரு வாரமா அது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தால், ஆராதனை முடிந்த கூட்டம் கலையாமல் அப்படியே உன் ஹாலில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நீ, ஸ்டூல் மேல். வந்தவர்களின் பிள்ளைகள் கை படாத இடம் என்று மிஷினை டி.வி. பெட்டியின் மேல் வைத்திருந்தாய். ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கையைத் தூக்கி டி.வி. மேல் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வா மச்சான், வா! உன் மிசினு உன்னை மாரியே பெரிய அறிவாளி. ஒரு பட்டன் அமுக்குனா போதும், அதுவே ஊதிக்கிது, அதுவே எறங்கிக்கிது, அதுவே நம்பரும் சொல்லுது."

"சாமுவேல், கை இவ்வளவு உயரத்துல இருக்கக் கூடாது."

"இன்னா ஒசரம்? கீழ வெச்சா நம்பரு ஏறுது, மேல வெச்சா எறங்குது. நாங்களே டெஸ்ட் பண்ணிட்டோம். எது நல்ல நம்பரோ அதத்தானே எடுத்துக்கணும்?"

எனக்கு வந்ததே எரிச்சல்! பெட்டியோடு வந்த விளக்கத் தாளை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், கையை உயர்த்தினால் பொய்யான குறைந்த அளவு காட்டும். ஆங்கிலத்தில் படித்து, தமிழில் விளக்கி, மறுபடி ஆங்கிலத்தில் படித்தேன்.

நீ கையைத் தட்டினாய். "சூப்பர் மச்சான்! பாஸ்டரே இன்னிக்கு இவ்ளோ நேரம் பேசல. தோ பாரு, இருவது வருசமா கிரேன் மேல கீறேன். மேல இருக்கறவனுக்கு டென்சனே கெடையாது. கீழ நின்னுகினு கத்தறான் பாரு, அவனுக்குத்தான் பிரஷரு."

ஹாலே சிரித்தது. உன்னோடு கிரேன் ஓட்டுகிறவன் ஒருவன் எனக்கும் ஒரு நம்பர் பார்க்கலாமா என்று என் சட்டைக் கையை மடித்துவிட வந்தான். மிஷின் உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அதன்பின் குவார்ட்டர்ஸில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டதாமே. மெடிக்கலுக்கு முன் சாமுவேல் வீட்டு டி.வி. மேல் கையை வைத்துவிட்டு வந்தால் மனது லேசாகிவிடும் என்று. அதற்கு ஆராதனைக்கே போய்விட்டு வரலாம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாய். எஸ்தர் விடியற்காலையில் எழுந்து செய்த பிரியாணி. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, வெறும் சோறு இருந்தால் கொஞ்சம் தயிர் ஊற்றிக் கொடுங்கள் என்றாய். ஊறுகாய்கூடத் தொடவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து என் சோற்றை அவமதிக்கிறான் என்று நினைத்தேன். அதையும் பழைய கணக்கோடு சேர்த்துக்கொண்டேன்.

மெடிக்கலுக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போது, முதல் ஷிப்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். நான் சொன்னேன், நீ கேட்கவில்லை. உன் சாவை இத்தனை நாள் நான் தாங்கியது அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான்.

இனி போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். ஒரு வாரமாக எழுதியதில் ஒன்றுகூடத் தேறவில்லை. காலையில் உட்கார்ந்தேன், நூற்று எழுபத்தெட்டு. எழுந்து வாசல் வரை நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன், இன்னும் கூடியது. எஸ்தர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். எதிரே எங்கள் பழைய டி.வி. பெட்டி நின்றுகொண்டிருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கையைத் தூக்கி டி.வி. மேல் வைத்தேன். பட்டனை அழுத்தினேன்.

நூற்று ஐம்பத்தாறு. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்த அடியில் ஒரு தலையணை. நூற்று நாற்பத்திரண்டு! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுத பேனாவைத் தேடித் திரும்பினால், வாசலில் டிபன் கேரியரோடு கிரேஸ் நிற்கிறாள்.

"இன்னாண்ணே பண்றே?"

உன்னோடு வாழ்ந்து அவள் பேச்சே மாறிவிட்டது. அதுவும் உன் கணக்கில்தான்.

"பிரஷர் பாக்கறேன்."

"கை ஏன் மேல கீது?"

"இப்படி வெச்சா சௌகரியமா இருக்கு."

கேரியரைக் கீழே வைத்தாள். "எறக்கு."

"நம்பர் வந்துடுச்சு கிரேஸ். டாக்டர் கேக்கற மாதிரி வந்துடுச்சு."

"அந்த மாரி நம்பருங்கள நான் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம பாத்தவ. எறக்குண்ணே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதையேதான் உன் வீட்டுக்காரனுக்குத் தலையில அடிச்சிக்கிட்டு சொன்னேன். அன்னிக்கு அவனோட சேந்து நீயும்தான் சிரிச்சே. பாவம், தெரியாமயே போய்ச் சேந்தான்."

"தெரியாமயா?" அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அவருக்குத் தெரியும்ண்ணே."

கை டி.வி. மேலேயே இருக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்காக, மற்ற நாள் உனக்காகவாமே. ஷிப்டுக்கு முன் சாப்பாட்டு மேஜையில், கையை மேஜை மேல் வைத்து, பார்ப்பாயாம். பட்டனை அழுத்துவது அவளாம்.

"நீ படிச்சுக் காட்டின மாரியே, அப்படியே. அஞ்சு நிமிசம் வாயத் தொறக்க மாட்டாரு. அவரு பேசாம உக்காந்தத இந்த ஒலகத்துல நான் ஒருத்திதான் பாத்திருக்கேன்."

"எவ்வளவு இருந்துது?"

"நூத்தி எண்பது, தொண்ணூறு. ஒரு நாளு எறநூறே தாண்டிச்சு."

"டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே!"

"போனா கிரேன்லேர்ந்து எறக்கிடுவாங்கன்னு பயம். கீழ எங்கனா உக்கார வெச்சிடுவாங்க, நான் செத்துருவேன் கிரேசுன்னாரு. மெடிக்கலுக்குள்ள நானே கொறச்சிடறேன்னு உப்ப நிறுத்துனாரு. கருவாட்ட நிறுத்துனாரு. உங்க ஊட்டு பிரியாணிய தொடாம எழுந்தாரே, நீகூட மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினியே, அது இதுக்குத்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கிரேஸ் தரையைப் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள் போல. "நானும் அதத்தான் சொன்னேன். 'உங்கண்ணனாண்ட சொன்னா அந்தக் காய்தத்த எடுத்துக்கினு வந்து முதல்லேர்ந்து படிப்பாரு. அதுக்கே இன்னும் இருவது ஏறும்'ன்னாரு."

மாப்பிள்ளை, எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உன்னோடு சண்டை போட வேண்டும் போல இருந்தது. படித்திருப்பேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. படித்துவிட்டு உன்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருக்க மாட்டேனா? அதை ஏன் நீ யோசிக்கவில்லை? முட்டாள் என்று உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன், அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. தெரிந்தும் போனாய் என்றால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? பிடித்துக்கொண்டிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டாயே.

உள்ளே வந்தேன். கிரேஸ் மிஷினை மேஜைக்கு மாற்றியிருந்தாள். கையை மேஜை மேல் வைத்தேன். அவள் பட்டனை அழுத்தினாள். நூற்று எண்பத்திரண்டு. அவளே தாளில் எழுதினாள். நான் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். விடுமுறைக்குள் ஆபரேஷன் இல்லை. போனால் போகட்டும் என்று சொல்லும் பக்குவம் எனக்கு வரவில்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது. மாத்திரையை விழுங்குகிறேன்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த வியாழக்கிழமை, கிரேஸ் என் கையிலிருந்து பட்டையைக் கழற்றும்போது கேட்டேன், "உனக்கு எவ்வளவு இருக்கும்?"

"எனக்கா? யாருக்குத் தெரியும்? பட்டன் அமுக்கறதுதானே என் வேல."

அத்தனை ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை. குவார்ட்டர்ஸே வந்து கையை நீட்டிவிட்டுப் போன வீட்டில் அவளுக்கு யாருமே பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை. நானும் கேட்டதில்லை.

உட்கார வைத்தேன். மெலிந்த கை, பட்டை நிற்கவில்லை, இன்னொரு சுற்று இழுத்து ஒட்ட வேண்டியிருந்தது. மிஷின் ஊதியது, நின்றது, போதாமல் மறுபடி ஊதியது. வந்த நம்பர் என்னுடையதைவிட அதிகம்.

என் வாய் தானாகத் திறந்தது. உப்பு, தூக்கம், மாமியார் வீட்டுப் பழக்கம், கேரியரில் இருந்த கருவாட்டுக் குழம்பு எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. கிரேஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி விழப்போகிறது என்று தெரிந்த முகம். இந்த முகத்தோடுதான் நீங்கள் இருவரும் அந்த மேஜையில் என்னைப் பற்றிப் பேசியிருப்பீர்கள்.

வாயை மூடிக்கொண்டேன்.

"எவ்ளோண்ணே?"

சொன்னேன்.

"ஓ" என்றாள். பட்டையைக் கழற்றிக்கொண்டே, "வர்ற திங்கக்கெழம டாக்டராண்ட நீயும் கூட வர்றியா?" என்று கேட்டாள்.

போகிறோம். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்பேன், அடுத்த வாக்கியத்தைப் பேசமாட்டேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். உன்மேல் உள்ள கோபத்தை விட்டுவிடுகிறேன் என்று வாக்குத் தரமாட்டேன், அது என்னால் ஆகாது. இந்த ஒன்றைத் தருகிறேன்: எந்த நம்பராக இருந்தாலும், என் தங்கை அதை என்னிடம் மறைக்க வேண்டிய நிலை இனி வராது.

தீராத கோபத்தோடும், சொல்லத் தெரியாத மற்றதோடும்,
உன் மச்சான்,
ஞானராஜ்
கரையான்சாவடி