அவையில் இல்லாத உறுப்பினர்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றி மட்டும் விசாரிக்காதே, கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன நடையைத் தெருமுனை டீக்கடையோடு முடித்துக்கொள்கிறார்.

மாமாவின் தேர்தல் வேலைக்கு ஒரு மாதம் லீவு போட்டுவிட்டேன் என்றாயே, அதைப் பற்றித்தான். பதினைந்து வருஷமாக உன் மாமா, என் தம்பி, சட்டமன்ற உறுப்பினர். சபைக்கு அவன் கொடுக்கும் கேள்விகளை எல்லாம் தட்டச்சு செய்தது நான். அவன் சொல்லச் சொல்ல, அலுவலகம் விட்டு வந்த களைப்போடு அடித்துக் கொடுப்பேன். மறுநாள் பேப்பரில் வரும், தெருவே பூரித்துப்போகும். பெயிண்ட் ஆலைக் கழிவு பின்தெருக் குழாய்த் தண்ணீரில் கலப்பதைப் பற்றி மட்டும் ஆறு தடவை அடித்திருக்கிறேன். இந்தத் தடவை அதை அவன் கேட்கிறபோது நேரில் பார்க்க வேண்டும் என்றாள் பின்தெருத் தையல்காரம்மா. அந்தத் தண்ணீரால் அவள் மகளுக்கு இரண்டு கையிலும் புண், உனக்குத் தெரியும். பாஸ் கிடைக்காது என்று தம்பி கைவிரித்தான். என்னோடு வேலை பார்த்தவள் ஒருத்தி இப்போது சட்டமன்ற அலுவலகத்தில் இருக்கிறாள், அவளைப் பிடித்து, அவனிடம் சொல்லாமலே இருவரும் போனோம்.

கைப்பையைக்கூட வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு மேலே பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்தார்கள். கீழே மூன்றாவது வரிசையில் தம்பி. முந்தைய கேள்விக்குப் பதில் சொல்லி அமைச்சர் உட்கார்ந்ததும் இவன் எழுந்தான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தான். வயிறு சரியில்லையோ என்று பதறினேன், அக்கா புத்தி. சபாநாயகர் அவன் பெயரைப் படித்தார், உறுப்பினர் அவையில் இல்லை, அடுத்த கேள்வி என்றார். கொசு அடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஆள் இல்லையென்றால் அமைச்சர் வாய் திறக்க வேண்டியதில்லையாம். ஆறு தடவையும் இப்படித்தான் என்றாள் என் சிநேகிதி. இறங்கி வந்தால் தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறான். என்னடா இது என்றேன். கூச்சமே இல்லாமல் சொன்னான்: "அக்கா, கேள்வி கொடுத்தா பேரு, கேட்டா பகை. இது தெரிஞ்சவன்தான் மூணு தடவை ஜெயிப்பான்."

ஒவ்வொரு முறையும் கேள்வி கொடுத்த மறுநாள் ஆலைக்காரரின் கார் அவன் வீட்டு வாசலில் நிற்கும். நானே அந்த ஆளுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போது தையல்காரம்மா திட்டவில்லை, அழவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி ஒன்றுதான் கேட்டாள்: "ஆறு தடவையும் டைப் அடிச்சது நீங்கதானேக்கா?" ஆமாம் என்றேன்.

உனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது மாமாவின் சிபாரிசுக் கடிதத்தால் என்று நன்றிக்கடனைச் சுமந்துகொண்டிருக்கிறாய். அதையும் நான்தான் அடித்தேன், உன் பெயர் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் வந்து இரண்டு நாள் கழித்து. மதிப்பெண் உன்னுடையது, கடனும் இல்லை, கிடனும் இல்லை. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்கலாமா என்று அப்பா முனகுகிறார். அவன் காட்டிக்கொடுத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வருகிற மாதம் முதல் ஞாயிறு பின்தெருக் குழாயடியில் நான் பேசப் போகிறேன். பார்த்ததைச் சொல்வேன், அடித்தது நான்தான் என்பதையும் சொல்வேன். கல் எறிந்தால் எறியட்டும். அதே நாள் முன்தெரு மேடையில் நீ அவன் பக்கத்தில் நிற்பாய் என்று நோட்டீஸ் அடித்திருக்கிறான் மாமா. ஊருக்கு வராதே என்று சொல்ல மாட்டேன், பெற்றவள் வாயில் அந்தச் சொல் வராது. வந்தால், வண்டியை எந்தத் தெருவில் நிறுத்தப் போகிறாய் என்பதை அங்கேயே முடிவு செய்துகொண்டு ஏறு.

சளி பிடித்திருக்கிறது என்றாயே, மருந்தை நடுவில் நிறுத்தாதே. நீண்ட ஆயுளோடும் நேரான முதுகோடும் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா