கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள்

ஆன்சன் அப்பாவுக்கு,

உங்கள் கப்பலோடு தொடர்பு அறுந்து ஒரு வருடம் ஆகிறது. நாளை கல்லறைத் திருநாள். "பூசையில சார் பேரை கடல்ல இருக்கவங்களோட வாசிக்கவா, இறந்தவங்களோட வாசிக்கவாம்மா?" என்று பங்குச்சாமியார் கேட்டார். நாளைக் காலையில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்று பிளஸ் டூ வகுப்பில் குவாண்டம் நடத்தினேன். அளந்து பார்க்கும்வரை எலக்ட்ரானுக்கு இன்ன இடம் என்று ஒன்று கிடையாது என்றேன்.

"நமக்குத் தெரியலைங்கிறதுதான மிஸ்?" என்றாள் ஒரு மாணவி.

"இல்லம்மா, அதுக்கே இன்னும் முடிவாகல."

நீங்கள் எலக்ட்ரான் இல்லை. உங்களுக்கு நடந்தது நடந்து முடிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

வரும் வழியில் பழங்காநத்தம் கடையில் மெழுகுவர்த்தி வாங்கினேன். "கல்லறைக்கா டீச்சர்?" என்றார் கடைக்காரர்.

"கரண்ட் போனா ஏத்துறதுக்குண்ணே" என்றேன்.

இப்போதும்,
உங்கள் மனைவி