மஞ்சள் விரல் பட்ட பெட்டி

மதியம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே மூங்கில் கம்பில் கிடந்த துணிகளை அவசரமாக உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, கூடத்தில் நிற்கும் உங்கள் அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். பழைய அட்டையும் பிளாஸ்டிக்கும் கலந்த உலர்ந்த வாசனை முகத்தில் வந்து பட்டது. சனிக்கிழமைகளில் உங்கள் சட்டையில் இருக்கும் அதே வாசனை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே எவ்வளவு ஈரம் என்று காட்டும் அந்தப் பச்சை எண் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

இந்த அலமாரிக்காக உங்களை எவ்வளவு சீண்டியிருக்கிறேன்! "நம்ம துணி காய இடமில்ல, உங்க கேசட்டுக்கு மட்டும் ஈரம் படாத பீரோவா?" என்பேன். "கேசட் இல்ல லா, வீடியோ கேம் கேட்ரிட்ஜ். பூஞ்சை பிடிச்சா எல்லாம் போச்சு" என்பீர்கள். செங்காங்கில் மற்ற வீடுகளில் சோபா போட்டிருக்கும் இடத்தில் நம் வீட்டில் இது நின்றது. சனிக்கிழமையானால் ஆட்டுக்கறி வாங்கி வருகிறேன் என்று தேக்கா சந்தைக்குக் கிளம்புவீர்கள். கறிப்பையோடு இன்னொரு பையும் வரும். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நுழைவீர்கள், ஐம்பது வயதில்! கறி சமையல் மேடையில் கிடக்கும். நீங்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வாங்கி வந்த பெட்டியின் மூலைகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். மூலை நசுங்கியிருந்தால் மதிப்புக் குறையும், மேலட்டைப் படம் வெளுத்திருந்தால் குறையும், விளக்கப் புத்தகம் இல்லாவிட்டால் பாதிதான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

மருத்துவமனையில் கடைசி வாரம் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தேக்கா பக்கம் பழைய விளையாட்டுகளை வாங்கி விற்கும் உங்கள் கூட்டாளியைச் சொன்னீர்கள். "எல்லாத்தையும் பஷீர் பாய்கிட்ட கொடுத்துடு. விளையாடறவங்களாப் பார்த்துக் கொடுப்பாரு. பூட்டி வச்சு மாலை போடாதே." சரி என்று தலையாட்டினேன். அப்போது இந்த ஒரு விளையாட்டு என் நினைவுக்கு வரவில்லை. இப்போது இதைக் கையில் வைத்துக்கொண்டு, இதையும் சேர்த்துத்தான் சொன்னீர்களா என்று தெரியாமல் தவிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஷீர் பாய் வண்டியோடு வருகிறார்.

திருச்சியிலிருந்து கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்த அந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? புக்கிட் பாத்தோக்கில் நம் முதல் வீட்டில், மேகம் சன்னலுக்கு வந்துவிடும் போலிருந்த உயரத்தில், அதிகம் பழகாத ஒரு மனிதரோடு நான். "சாப்டாச்சா?" என்பீர்கள். "ஆச்சு" என்பேன். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு சாயங்காலம் என்ன நினைத்தீர்களோ, கட்டிலுக்கு அடியிலிருந்து இந்தப் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தீர்கள். நான் ஆசையாக எடுத்தேன். அப்போதுதான் குளித்துவிட்டுத் தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசியிருந்தேன். அட்டையின் வெள்ளை மூலையில் என் கட்டைவிரல் அப்படியே பதிந்தது. உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து, "ஐயோ, என்னங்க?" என்று பதறினேன். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "பரவால்ல, பரவால்ல" என்றீர்கள். அது எப்பேர்ப்பட்ட "பரவால்ல" என்பது பிற்பாடு உங்கள் கையுறைகளைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தீர்கள். திரையில் நீலத் துண்டு கட்டியவன் நீங்கள், சிவப்புத் துண்டு கட்டியவன் நான். ஓடி, தாண்டி, வாளை வீசிக்கொண்டு கோட்டைக்குப் போக வேண்டும். இருவரும் சேர்ந்து நடந்தால்தான் திரை நகரும். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவருக்கும் வழி கிடையாது. நான் எங்கே நடந்தேன்? தொடங்கியவுடன் வரும் முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். என் உயிர்கள் எல்லாம் தீர்ந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீங்க போங்க, எனக்கு வராது."

"ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்து. என் உயிர்ல ஒண்ணு உனக்கு வந்துடும்."

"அப்ப உங்களுக்கு?"

"ஒண்ணு குறையும். அதனால என்ன லா? எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். அதையும் பள்ளத்தில் போட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். கல்யாணமாகி நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

போன வாரம் பஷீர் பாய் வந்து எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டார். இந்தப் பெட்டி கைக்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த மஞ்சக் கறை மட்டும் இல்லன்னா இதோட வேல்யூவே வேற லா, அண்ணி. என்கிட்ட க்ளீன் பாக்ஸ் ஒண்ணு இருக்கு, மாத்திக்கங்கன்னு அண்ணன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"'பாய், அது என் வொய்ஃப் விரல், கைய எடுங்க'ன்னாரு. கோபமா லா!"

டீ போடுகிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை உங்களுக்கு. பஷீர் பாயிடம் சொல்ல வந்திருக்கிறது. கோபம் வந்தது, அழுகை வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இன்று அந்தக் கறையின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். விரலில் இப்போது மஞ்சள் இல்லை. அளவு மட்டும் சரியாக இருக்கிறது. பிறகு கேட்ரிட்ஜைச் செருகி உங்கள் பழைய டிவியைப் போட்டேன். உங்கள் கன்ட்ரோலரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, என்னுடையதை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேர் ஆட்டம் என்று தேர்ந்தெடுத்தேன். அந்த இசை எழுந்தது. சன்னலுக்கு வெளியே எதிர் அடுக்குமாடி பிளாக் மழையில் கரைந்து காணாமல் போயிருந்தது. இது செங்காங்கா, புக்கிட் பாத்தோக்கா என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை. நீலத் துண்டு காற்றில் ஆட நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். மூச்சு விடுவதுபோல் தோள் மட்டும் ஏறி இறங்கியது.

நான் ஓடினேன், விழுந்தேன். அதே பள்ளம், அதே நான். என் உயிர்கள் தீர்ந்து, சிவப்புத் துண்டு திரையிலிருந்து மறைந்தது. நீங்கள் தனியாக நின்றீர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்தேன். கேட்காமல் எடுக்கிறோமே என்று விரல் தயங்கியது. என்றைக்கோ "எடுத்துக்கோ" என்றீர்களே, அது போதும் என்று அழுத்தினேன். உங்கள் கணக்கில் ஒன்று குறைந்தது. நான் மேலிருந்து இறங்கி உங்கள் பக்கத்தில் நின்றேன்.

இந்த முறை தாண்டிவிட்டேன்.

அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பள்ளத்துக்கு அப்பால் நீங்கள் அதே இடத்தில் இருந்தீர்கள். திரையின் ஓரம் வரை நடந்தேன். அது நகரவில்லை. நீங்கள் வராமல் நகராது என்று எனக்குத் தெரியும். உங்கள் கன்ட்ரோலர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை எடுத்து உங்களை நடத்திக் கூட்டி வந்திருக்கலாம். மனம் வரவில்லை. இசை முடிந்து முடிந்து முதலிலிருந்து தொடங்கியது. மழை விடும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பஷீர் பாய் வந்து அலமாரியோடு எல்லாவற்றையும் எடுத்துப் போகட்டும். இதை மட்டும் கொடுக்க மாட்டேன். உங்கள் பேச்சை நான் மீறவில்லை. விளையாடுகிறவர்களிடம் கொடு என்றீர்கள், நான் விளையாடுகிறேன். இனி இது டிவிக்குப் பக்கத்தில், உறையும் கண்ணாடியும் இல்லாமல் இருக்கும். ஈரம் பட்டால் படட்டும். துணிகளை மறுபடி வெளியே போட வேண்டும், வெயில் வந்துவிட்டது. திரையை இன்னும் அணைக்கவில்லை. நீங்கள் கொடுத்த உயிரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்கிறேன்.