வடக்குப் பார்த்த பால்கனி

அபிராமபுரம்
9 ஜூன் 2025

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

நேற்று மாலை, எல்லாப் பக்கங்களையும் ஆராய்ந்த பிறகு, செடிகளுக்கு இனி நானே தண்ணீர் ஊற்றுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். முடிவு இன்று காலை முதல் அமலுக்கு வந்தது. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. பாரபட்சம் கிடையாது, எல்லாச் செடிக்கும் சம அளவு.

நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று வேளச்சேரியில் உன் தங்கை வசந்தி வீட்டுக்குப் போனாய். மூன்று வாரம் ஆகிறது. என் நம்பரை பிளாக் செய்திருப்பதாகத் தெரிகிறது. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

மொட்டைமாடியில் தொட்டிகள் வைக்கக் கூடாது, அங்கே நடைப்பயிற்சிக்குப் பாதை அமைக்க வேண்டும் என்று நம் குடியிருப்போர் சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது. செயலாளர் என்ற முறையில் முதலில் நம் வீட்டுத் தொட்டிகளைத்தான் இறக்க வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் அங்கே தொட்டிகள் கிடையாது என்பது வேறு விஷயம். இப்போது எல்லாம் நம் பால்கனியில் பத்திரமாக இருக்கின்றன. துணி உலர்த்தத்தான் இடமில்லை.

நீ கோபமாக இருக்கிறாயா? இருந்தால் காரணத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ப. துரைராஜ்
செயலாளர்

*

வேளச்சேரி
14 ஜூன் 2025

உங்களுக்கு,

கோபமாக இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். செடிகளால் காத்திருக்க முடியாது.

அடீனியத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடித்தண்டு பானை மாதிரி பருத்திருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். காகிதப்பூவுக்கு நாளெல்லாம் வெயில் வேண்டும். அதையும் நன்றாகக் காயப்போட்டால்தான் பூக்கும். தண்ணீரைக் கொட்டினால் இலையாகத் தள்ளும். குரோட்டன்ஸுக்கு வெயில் பட்டால்தான் சிவப்பும் மஞ்சளும். வடக்குப் பார்த்த நம் பால்கனியில் ஃபெர்ன் ஒன்றுதான் சந்தோஷமாக இருக்கும். சம அளவாம். பாலைவனத்துச் செடியும் மழைக்காட்டுச் செடியும் உங்கள் சங்க உறுப்பினர்கள் இல்லை.

இனி காரணம். ஏகமனதாக என்கிறீர்கள். அந்தக் கூட்டம் நம் ஹாலில் நடந்தது. நான் அடுக்களையில் எல்லோருக்கும் காபி கலந்துகொண்டிருந்தேன். கொண்டுவந்து கொடுத்தபோது, "மேடம், காபி பிரமாதம்" என்றார்கள். தீர்மானத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீடு என் பேரில் இருக்கிறது. 2ஏ-யின் ஓட்டு என்னுடையது. என் சார்பில் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது லிஃப்ட் சர்வீசுக்கும் பைப் ரிப்பேருக்கும். நீங்கள் என் தொட்டிகளுக்கு எதிராக என் ஓட்டையே போட்டிருக்கிறீர்கள்.

தீர்மானத்தை ரத்து செய்து தொட்டிகளை மேலே ஏற்றுங்கள். மறுநாளே வருகிறேன்.

சுலோச்சனா

*

அபிராமபுரம்
2 ஜூலை 2025

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

உன் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. செயலாளரின் மனைவி கோபித்துக்கொண்டார் என்பதற்காகத் தீர்மானத்தை ரத்து செய்தால் சங்கத்துக்கு என்ன மரியாதை? நாளைக்கு மூன்றாம் மாடி கீர்த்தி கோபித்துக்கொண்டால் அவள் நாய்க்கும் பார்க்கிங் ஒதுக்க வேண்டிவரும்.

செடிகளைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை. அடீனியத்தின் இலைகள் மஞ்சளாகிவிட்டன. தண்டு அமுக்கினால் அமுங்குகிறது. தாகம் என்று கருதித் தண்ணீரைக் கூட்டியிருக்கிறேன். காகிதப்பூ செழிப்பாக இலை விட்டிருக்கிறது. பூ இல்லாததால் குப்பையும் இல்லை. குரோட்டன்ஸ் எல்லாம் ஒரே பச்சையாகிவிட்டன. இப்போதுதான் பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்று சங்கத் தலைவரே பாராட்டினார்.

வேலைக்கு வரும் செண்பகம்தான் வாயாடுகிறாள். "இன்னா சார், செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறியா, இல்ல குளிப்பாட்டிக்கினு கீறியா? அம்மா இருந்திருந்தா உன்னையே தொட்டில நட்டிருக்கும்" என்றாள். கண்டித்து வைத்தேன்.

மொட்டைமாடிப் பாதை நன்றாக இருக்கிறது. தினமும் நான் நடக்கிறேன். மற்றவர்கள் வெயில் குறைந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன் இல்லை, பேச்சு இல்லை. என்னையும் காயப்போட்டால் பூத்துவிடுவேன் என்று நினைக்கிறாயா? எனக்கும் கோபம் வரும்.

இப்படிக்கு,
ப. துரைராஜ்
செயலாளர்

*

வேளச்சேரி
8 ஜூலை 2025

செயலாளர் அவர்களுக்கு,

தண்டு அமுங்கினால் வேர் அழுகிவிட்டது என்று அர்த்தம். விதை போட்டு நான் வளர்த்த செடி அது. நீங்கள் அதை அலட்சியத்தால் கொன்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டு வேளையும் தவறாமல், அக்கறையாகக் கொன்றிருக்கிறீர்கள். அதற்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே நான் எழுதினேன். அதற்கும் தண்ணீரைத்தான் கூட்டினீர்கள்.

வெயில் இல்லாவிட்டால் குரோட்டன்ஸ் சாகாது. நிறம்தான் போகும். இருபத்தாறு வருஷமாக நம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், ஒழுங்காக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுத்தான் போனார்கள்.

காயப்போடுவது, பூக்கத் தெரிந்த செடியை.

என் சார்பில் கையெழுத்துப் போட உங்களுக்குக் கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்து சங்கத் தலைவருக்கு எழுதிவிட்டேன்.

சுலோச்சனா
உரிமையாளர், 2ஏ

*

அபிராமபுரம்
3 ஆகஸ்ட் 2025

சுலோச்சனா,

வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் இல்லாதவர் செயலாளராக இருக்க முடியாது என்று சங்கம் தீர்மானித்துவிட்டது. ஏகமனதாக. காபி கடையிலிருந்து வந்தது. நன்றாகவே இல்லை.

மொட்டைமாடி விஷயத்தில் ஒரு வீடு ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தீர்மானம் செல்லாது என்றும் சொன்னார்கள். அந்த விதியை எழுதியவன் நான்தான்.

தொட்டிகளை நானும் செண்பகமும் மேலே ஏற்றினோம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அடீனியத் தொட்டி காலி. குரோட்டன்ஸை நிழலிலிருந்து நேரே வெயிலில் வைத்ததில் இலைகள் கருகிவிட்டன; கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருக்க வேண்டுமாம். நீ அதை எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. காகிதப்பூவுக்குத் தண்ணீரை நிறுத்தி, விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். இன்று ஒரு கிளையின் நுனியில் நிறம் தெரிகிறது.

தொட்டிகள் மேலே போனால் மறுநாளே வருவதாக எழுதியிருந்தாய். ஏற்றிய அன்றே செண்பகம் உனக்குப் போனில் சொல்லிவிட்டாளாம். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் வா.

துரைராஜ்

பி.கு.: நீ அனுப்பியதாகச் சொல்லி வீட்டுத் தரகர் கபாலி இன்று காலை வந்தார். எல்லா அறைகளையும் பார்த்துவிட்டுக் கடைசியில் பால்கனியில் நின்றார். "இன்னா சார், வெயிலே வராது போல. சில்லுனு கீது. வாடகை கூட்டியே கேக்கலாம்" என்றார்.