வாபஸ்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு வாயைத் திற.

உன் மாமாவுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். கழுத்திலிருந்து தோள்பட்டை வரை தோல் வெந்துகிடக்கிறது. கட்டைப் பிரிக்கும்போது துணியோடு சதையும் வருகிறது. அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் வெளியே எழுந்து போய்விடுகிறார். நான் போக முடியுமா, காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பஸ் கட்டணம் ஏறியது, மார்க்கெட்டில் ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள், அதில் கண்டக்டராக இருந்தது மாமாதான் என்பது வரை உனக்குத் தெரியும். மீதியைக் கேள். அன்று அவருக்கு ஆற்றுப்பாலம் ரூட்டில்தான் டூட்டி. மார்க்கெட் ரூட்டில் போக வேண்டியவர் பயந்துபோய் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டார். டிப்போவில் இவரிடம், "இன்னைக்கு மட்டும் மாத்திக்குங்கண்ணே" என்றார்களாம். இவருக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல வாய் வராதே. வீட்டுக்கும் சொல்லவில்லை.

மார்க்கெட் முனையில் கூட்டம் மறித்தது. முன் கண்ணாடியை இரும்புக் குழாயால் நொறுக்கினார்கள். டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு மிதித்தார்கள். எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்தியதும் பயணிகள் இறங்கினார்கள். உன் மாமாவும் இறங்கினார், இறங்கியவர் திரும்ப ஏறினார். அவர் பழக்கம் உனக்குத் தெரியும். வண்டி காலியானால் கடைசி சீட் வரைக்கும் நடந்து, யாராவது தூங்குகிறார்களா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். ஊரே கல்லெறியும்போதும் மனுஷன் அதைத்தான் செய்திருக்கிறார். கடைசி சீட்டில் ஒருவரும் இல்லை. நிமிர்ந்தபோது கல் வந்து கண்ணில் அடித்தது, பின்னாலேயே பெட்ரோல் பாட்டில் வந்து விழுந்தது.

அந்தப் பாட்டிலை எறிந்தது உன் மருமகன்.

ஆமாம், என் பிள்ளைதான். அப்பா ஆற்றுப்பாலம் ரூட்டில் போகிறார் என்று காலையில் கேட்டு வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறான். உள்ளே ஆள் இல்லை என்று கூட இருந்தவர்களும் சொன்னார்களாம். தீயோடு படியில் உருண்டு விழுந்தது அப்பா என்று தெரிந்ததும் வெறுங்கையால் அணைத்திருக்கிறான். இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோயிற்று. அதற்குள் போலீஸ் வந்து கண்ணில் பட்டவர்களை எல்லாம் தடியால் விளாசியது. பிறகு சுட்டார்கள். முட்டிக்குக் கீழே சுடத்தான் உத்தரவாம், பழக்கடைக்காரருக்குத் தொண்டையில் பாய்ந்தது. அவர் கூட்டத்திலேயே இல்லை, கடையை மூடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலடியில்தான் அவரைப் போட்டிருந்தார்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டை ஓட்டையில் ரத்தம் கொப்பளித்தது. பிறகு கொப்பளிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து, எறிந்தவன் முகத்தைப் பார்த்தீர்களா என்று உன் மாமாவிடம் கேட்டார். "கண்ணே போயிடுச்சு சார், நான் எதைப் பார்த்தேன்னு சொல்ல" என்றார். ஆனால் பார்த்திருக்கிறார். என்னிடம் மட்டும் சொன்னார்: "கையை ஓங்கும்போது உன்னை மாதிரியே உதட்டைக் கடிக்கிறான்டி."

மறுநாளே கட்டண உயர்வு வாபஸ். மக்கள் குரலுக்கு அரசு செவிசாய்த்தது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். எந்தக் குரலுக்கு, தம்பி? கட்டணம் ஏறியதும் உன் மருமகன் வேலை செய்யும் கிடங்கில் பெட்டி கட்டும் பெண்கள் பாதி வழி நடந்தே வந்தார்கள். அவன்தான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி மந்திரிக்கு மனு அனுப்பினான். பதில் இல்லை. நேரில் போனவர்களை வாட்ச்மேன் கேட்டிலேயே விரட்டிவிட்டான். அந்தச் சமயத்தில் நீ லீவில் வந்திருந்தாய். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாய். "மாப்ள, மனுவெல்லாம் எங்க ஆபீஸ்ல டீ கிளாஸ் வைக்கத்தான். நாலு பஸ் எரிஞ்சா கோப்பு தானா மேல போகும்" என்றாய். போக்குவரத்துத் துறையிலேயே உட்கார்ந்திருப்பவன் சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்வான்? உன்னைத் திட்ட எனக்கு வாய் நிறைய இருக்கிறது. இப்போது வேண்டாம்.

போலீஸில் அவனை ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை, தெருவில் அவனுக்குப் பெயரே 'வாபஸ்' என்று ஆகிவிட்டது. "வாபஸ் அண்ணன் வர்றாரு" என்று டீக்கடையில் எழுந்து இடம் விடுகிறார்கள். முதலில் கையில் கட்டோடு தலையைக் குனிந்து போனவன் இப்போது நிமிர்ந்து போகிறான். "அப்பாவுக்கு நடந்தது தப்புதாம்மா, ஆனா எரிச்சதாலதானே இறக்குனாங்க" என்கிறான். ஓங்கி ஓர் அறை விட்டேன். கன்னத்தைத் தடவிக்கொண்டு, "பாத்தியா, அடிச்சாத்தான் கேப்பாங்கன்னு உனக்கே தெரியுது" என்கிறான்.

அடுத்து மின் கட்டணம் ஏறப்போகிறதாம். வருகிற வாரம் மின்வாரியத்து வாசலில் கூடுகிறார்கள். "நம்ம வாபஸ்தான் முன்னால நிக்கணும்" என்று வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். இவனும் தலையாட்டிவிட்டான். இந்த முறை போலீஸ் எடுத்த எடுப்பிலேயே சுடும் என்று ஊரே பேசுகிறது.

கட்டணம் ஏன் இறங்கியது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இடைத்தேர்தல் பயம் என்கிறார் டிரைவர். டீசல் விலை சரிந்துவிட்டது, எப்படியும் இறக்கியிருப்பார்கள் என்கிறார் டாக்டர். இவன் எதையும் காதில் வாங்குவதில்லை. "மாமா சொல்லட்டும், நம்புறேன்" என்கிறான்.

அதனால் நீ அவனுக்கு எழுது. பஸ் எரிவதற்கு முன்பே அந்தக் கோப்பில் கையெழுத்து விழுந்துவிட்டது, அறிவிப்புதான் தாமதம், நீங்கள் கொளுத்தியதால் ஒரு மண்ணும் நடக்கவில்லை என்று எழுது. தேதி போட்டு எழுது. போனில் சொல்லாதே, நான் சொல்லிக்கொடுத்தது என்று உன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான். ஒன்றுக்கும் ஆகாத காரியத்துக்கா அப்பாவைக் கொளுத்தினேன் என்று அவன் நொறுங்கிப்போவான், தெரியும். நொறுங்கட்டும். உட்காரவைத்துச் சோறு ஊட்டிக்கொள்கிறேன். உயிரோடு இருந்தால்தானே ஊட்டுவேன்.

கடிதத்தைக் கிடங்கு முகவரிக்கு அனுப்பு. வீட்டுக்கு வந்தால் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிடுவார்கள், உன் மாமா படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவார். "போன கண்ணுக்கு ஒரு பலனாவது இருக்கே, ஊர் ஜனம் பழைய காசுல போகுது" என்று அவர் அதைச் சொல்லிக்கொண்டுதான் வலியைத் தாங்குகிறார். அதையும் அவரிடமிருந்து பறிக்க என்னால் ஆகாது.

உன் உத்தியோகம் நிலைக்கட்டும், உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து உன் கண் முன்னாலேயே நிறைவாக வாழட்டும். இன்றைக்கே எழுது, தம்பி. கையெழுத்து உண்மையில் என்றைக்கு விழுந்தது என்பதை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா