'பிக் அப்' எண்ட சொல்லும் மாஹினின்ர மனிசனும்

1986 கார்த்திகை 4, செவ்வாய்

விடிய மழை, பிறகு ஈரப் பனி. சப்பாத்துக்குள்ள தண்ணி.

பிஸ்கற் பக்ரறியில புது சுப்பவைசர். லைனுக்குப் பின்னால நிண்டு "பிக் அப்! பிக் அப்!" எண்டு ஒரே கத்தல். பக்கத்தில நிக்கிற மாஹின் உடன குனிஞ்சு நிலத்தில தேடுறா. நானும் குனிஞ்சன். ஒண்டும் விழேல்ல. மற்றப் பெட்டையள் விழுந்து விழுந்து சிரிப்பு. கையைச் சுறுக்கா நடத்தட்டாம், அவ்வளவுதான்.

மாஹின் ஈரான்காரி. என்னோடதான் பின்னேர இங்கிலிஸ் வகுப்புக்கும் வாறா. அவவைக் கட்டின மனிசன் ஹமீத் ரெண்டு வருசமாத் துருக்கியில மாட்டுப்பட்டுக் கிடந்தவர். இப்ப ஒருமாதிரி அமெரிக்கா வந்திட்டாராம். எல்லைப் பாலத்தால இங்கால வரப்போறார். எப்ப எண்டு தெரியாது. மாஹின்ர அறையில போன் இல்லை. பக்ரறி ஒவ்வீஸ் நம்பரைத்தான் அவருக்குக் குடுத்து வைச்சிருக்கிறா. ஒவ்வீஸ் கதவு திறக்கிற நேரமெல்லாம் திரும்பிப் பாக்கிறா, பாவம்.

வாங்க: பருப்பு, வெங்காயம், சின்னவளுக்குக் கையுறை.

கார்த்திகை 5, புதன்

குளிர் கூட. வகுப்பு.

ரீச்சர் ஹெலனிட்டை நேற்றைய கூத்தைச் சொன்னம். சிரிச்சுப்போட்டு போர்ட் முழுக்க 'பிக் அப்' எழுதினா. விழுந்ததை எடுக்க, போனை எடுக்க, பிள்ளையைக் கூட்டிவர, ஆளைக் காரில ஏத்த, பாஷை பிடிபட, தடிமன் காய்ச்சல் தொத்த, வியாபாரம் சூடுபிடிக்க. எல்லாத்துக்கும் ரெண்டே ரெண்டு துண்டுச் சொல்லு. உவங்களுக்கு வேற சொல் கிடைக்கேல்லையோ?

மாஹின் ஒவ்வொண்டுக்கும் தங்கட பாஷையில எழுதினா. எடுக்கிறதுக்கு 'பர்தாஷ்தன்'. போனுக்கும் அதுதானாம். பாஷை பிடிபடுறது வேற. காரில ஏத்திறது 'சவார்' எண்டு ஏதோ. "சவாரியோ?" எண்டு துள்ளிட்டன். எங்கட வண்டிச் சவாரி இவையிட்டை இருந்து வந்ததாக்கும்! இன்னொண்டு பெட்டையளைப் பிடிக்கிறதுக்காம். முகம் சிவந்து, எழுதின கையாலேயே மறைச்சிட்டா.

கடைசியா ரீச்சர் எழுதின வசனம்: போலிஸ் பிக்ட் ஹிம் அப்.

மாஹின்ர பேனை நிண்டிட்டுது. என்ரையும். எண்பத்திநாலில ஊரில தம்பியை ஆமி வந்து தூக்கிக்கொண்டு போனது நினைவு வந்திட்டுது. மூண்டு மாதத்தில விட்டவங்கள், ஆனாலும். ரீச்சருக்கு ஒண்டும் விளங்கேல்ல. போர்டை அழிச்சா.

கார்த்திகை 6, வியாழன்

இண்டைக்கு மழையோ பனியோ, பாக்கேல்ல.

பின்னேரம் போல ஒவ்வீஸ்காரப் பிள்ளை டெபி ஓடிவந்து மாஹினுக்குச் சொல்லிச்சு: "உன்ர மனிசனைப் பாலத்தடியில பிக் அப் பண்ணிட்டினமாம்."

மாஹின் அப்பிடியே நிலத்தில இருந்திட்டா. "தஸ்த்கீர், தஸ்த்கீர்" எண்டு அதையே திருப்பித் திருப்பி. கைது எண்டு ஆரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் இங்க வந்து இவ்வளவு நாளில போனில இங்கிலிஸ் கதைச்சதில்லை. எல்லாம் என்ர மனிசன், இவர்தான். இண்டைக்கு எங்கயிருந்து துணிவு வந்ததோ, ஒவ்வீசுக்குள்ள போய் டெபியைப் பிடிச்சன்.

"ஆர் பிக் அப்? போலிஸ்?"

"தெரியேல்ல ஹனி. லைன் கரகரத்தது."

"எப்பிடிக் குரல்?"

டெபி யோசிச்சுது. "ஒரு பொம்பிளை. நல்லாச் சிரிச்சுக் கதைச்சா. பின்னால ஆரோ பியானோ அடிச்சவை. அஞ்சு மணிக்குப் பிறகு திரும்பப் போன் எடுப்பாவாம்."

வந்து மாஹினுக்குச் சொன்னன். "போலிஸ் ஸ்ரேசனில ஆர் பியானோ அடிக்கிறது?" அவ சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. என்ர கையை மட்டும் விடேல்ல.

ஒவ்வீஸ் பூட்டுற நேரம். "ப்ளீஸ், வெயிற்" எண்டன். டெபி கோட்டைப் போட்டபடியே கதிரையில இருந்திச்சுது. மூண்டு பேரும் போனைப் பாத்தபடி.

அடிச்சுது. மாஹின் எடுக்கமாட்டன் எண்டு தலையாட்டினா. நான் எடுத்தன். சேர்ச் ஆக்களாம். எல்லையில விசாரிச்சு விட்டவுடன தாங்களே காரில போய் ஆளை ஏத்திக்கொண்டு வந்தவையாம். சூப் குடிச்சிட்டு இருக்கிறாராம், சனிக்கிழமை பஸ்ஸில ஏத்தி விடுவினமாம். பிறகு ஒரு ஆம்பிளைக் குரல்: "மாஹின்?"

குடுத்தன். ரெண்டு கையாலையும் பிடிச்சுக் காதில வைச்சா. பிறகு தொடங்கினா பாருங்கோ, பேச்சு! ஒரு சொல்லும் விளங்கேல்ல, ஆனா ரெண்டு வருசத்துப் பேச்சு. டெபி கோட்டோட நிண்டு அழுகுது.

வீட்டை பிந்தித்தான் வந்தன். இவருக்குக் கோவம். கதையைச் சொன்னவுடன, "சனிக்கிழமை நான் கார் கொண்டு வாறன், நீ பயப்பிடாதை" எண்டார். பயம் எனக்கில்லை எண்டன்.

கார்த்திகை 8, சனி

வெயில். குளிர்தான், எண்டாலும் வெயில்.

பஸ் ஸ்ராண்ட். மாஹின் உதட்டுக்குப் பூசினா, துடைச்சா, திரும்பப் பூசினா. "கூடிப்போச்சோ?" "இல்லை, வடிவாயிருக்கு."

ஹமீத் கடைசியா இறங்கினார். மெலிஞ்ச மனிசன், ஒரே ஒரு பை. ரெண்டு பேரும் கிட்டப் போகேல்ல. கை நீட்டினா எட்டுற தூரத்தில நிண்டு ஆளையாள் பாத்தினம். அவர் என்னவோ சொன்னார்.

"என்னவாம்?" எண்டன்.

"நான் உயரம் குறைஞ்சு கட்டையாப் போயிட்டனாம்," எண்டா மாஹின். மூக்கு வழியுது.

அவர் எனக்கும் இவருக்கும் நெஞ்சில கை வைச்சுத் தலை குனிஞ்சார். இவரும் அப்பிடியே செய்தார், எங்க பழகினாரோ.

காரில பின்சீற்றில ரெண்டு பேரும் ஆளுக்கொரு யன்னலோரம். நடுவில பை. அவர் ஒரு பக்கம் றோட்டைப் பாக்கிறார், அவ மற்றப் பக்கம். பிழையான ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டமோ எண்டு எனக்கே யோசனையாப் போச்சு. வோபர்ன் பக்கம் வந்து சிக்னலில நிக்கேக்க மெல்லத் திரும்பிப் பாத்தன். பை கீழ, காலடியில; நடுவில இடமே இல்லை.

உடன முன்னால திரும்பிட்டன். இவர் கேட்டார், "என்ன சிரிக்கிறாய்?"